எம்.பி.ஏ. படித்தால் தொழிலில் என்ன கிடைக்கும்? யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கியிலோ, அரச திணைக்களத்திலோ, குடும்ப வியாபாரத்திலோ சில ஆண்டுகள் கழித்த பின்னர், எம்.பி.ஏ. எனப்படும் வியாபார நிர்வாக முதுமாணிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்படுகின்றன. இப்பட்டத்தின் பெருமையைச் சொல்லும் விளம்பரங்களுக்கு ஊரில் குறைவில்லை என்பதால், இங்கே அதன் விலையைப் பற்றியும் சற்று விரிவாகப் பேசப்படுகிறது.

இந்தப் பட்டம் எடுத்தால் சம்பளம் கூடுமா?

பட்டம் தன்னளவில் சம்பளத்தைக் கூட்டுவதில்லை. அந்தப் பட்டத்தைத் தகைமையாகக் கேட்கின்ற ஒரு பதவி உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் மட்டுமே கூடும். அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெப்ரி பெப்பர், கிறிஸ்ரினா பொங் என்பவருடன் சேர்ந்து 2002இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, மிக உயர்ந்த நிலையில் உள்ள சில கல்லூரிகளைத் தவிர்த்துப் பார்த்தால், எம்.பி.ஏ. பட்டமோ அதில் பெற்ற புள்ளிகளோ பிற்காலத் தொழில் வெற்றியோடு பெரிதும் தொடர்புபட்டதற்குச் சான்று மிகக் குறைவு என்று கூறியது. முகாமைத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்களே இதைச் சொன்னதால், அது அக்காலத்தில் பலத்த விவாதத்தைக் கிளப்பியது.

படிப்புக்கும் சம்பளத்துக்கும் உள்ள தொடர்பைப் பொருளியலாளர்கள் இரு வகையாக விளக்குகிறார்கள். படிப்பு ஒருவரின் திறமையைக் கூட்டுகிறது, அதனால் சம்பளம் கூடுகிறது என்பது கேரி பெக்கர் 1960களில் வளர்த்தெடுத்த மனித மூலதனக் கோட்பாடு. படிப்பு திறமையைக் கூட்டாவிட்டாலும், இவர் திறமையானவர் என்பதை முன்பின் அறியாத முதலாளிக்கு அது உணர்த்துகிறது என்பது மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் முன்வைத்த வாதம். இரண்டாவது வாதம் யாழ்ப்பாணத்தில் அரைவாசிதான் செல்லும் என்பது எனது எண்ணம். உங்களை நேர்முகத் தேர்வுக்கு அழைக்கும் முகாமையாளர் உங்கள் பாடசாலையையும், உங்கள் அண்ணன் எங்கே வேலை செய்கிறார் என்பதையும் ஏற்கனவே அறிந்திருக்கும் ஊரில், உங்களைப் பற்றிப் பட்டம் புதிதாக அறிவிக்க அதிகம் இருப்பதில்லை. உங்களை அறியாத கொழும்புத் தலைமையகத்துக்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்குமே அது பேசும்.

யாழ்ப்பாணத்தில் இந்தப் பட்டத்தைக் கேட்கும் பதவிகள் எவை?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும். பெரும்பாலானோர் பட்டம் பெற்ற பின்னரே கேட்கிறார்கள். போருக்கு முன்னர் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை போன்ற பெரிய நிறுவனங்களில் உதவி முகாமையாளரிலிருந்து பொது முகாமையாளர் வரை படிப்படியாக ஏறக்கூடிய நிர்வாக வரிசை இருந்தது. 1990இல் அத்தொழிற்சாலை மூடப்பட்ட பின்னர், அத்தகைய அளவில் வேறொன்று இங்கே எழவில்லை. 2009க்குப் பின்னர் வந்தவை பெரும்பாலும் கிளைகள். வங்கிகளும், லீசிங் கம்பனிகளும், காப்புறுதி நிறுவனங்களும், தொலைத்தொடர்பு நிறுவனங்களும் வைத்தியசாலை வீதியிலும் ஸ்ரான்லி வீதியிலும் கிளைகளைத் திறந்தன. ஆனால் தீர்மானங்கள் கொழும்பில் எடுக்கப்படுகின்றன; கிளை முகாமையாளருக்கு மேலே பிராந்திய முகாமையாளர் என்ற ஒரு படி இருக்கிறது, அதற்கு மேலே ஏற வேண்டுமானால் பெட்டியைக் கட்டிக்கொண்டு தெற்கே போக வேண்டும்.

எனவே இங்கே பட்டம் பலன் தரும் இடங்கள் எண்ணிக்கையில் சிலவே. வங்கியில் நிறைவேற்றுத் தரத்தில் இருந்து, இடமாற்றத்துக்கும் தயாராக இருப்பவருக்கு அது உதவும். பதவி உயர்வுக்குப் பட்டப்பின் தகைமை கேட்கப்படும் அரச உத்தியோகத்தருக்கு நிச்சயம் உதவும். சர்வதேச நிதியில் இயங்கும் அபிவிருத்தித் திட்டங்களில் திட்ட முகாமையாளர் பதவிக்கு விண்ணப்பிப்போருக்கும் முதுமாணிப் பட்டம் வழக்கமாகக் கேட்கப்படும் தகைமையே. அத்தகைய பதவிகள் திட்டத்தோடு தோன்றித் திட்டத்தோடு மறைபவை என்பதை மட்டும் மறக்கக்கூடாது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்துவரும் மென்பொருள் நிறுவனங்களில் பட்டத்தைவிடச் செய்து காட்டிய வேலைக்கே மதிப்பு அதிகம். ஆயினும் குறியீடு எழுதுவதிலிருந்து வாடிக்கையாளரோடு பேசும் பொறுப்புக்கு மாற விரும்பும் பொறியியலாளருக்கு விலை நிர்ணயமும் ஒப்பந்தமும் தெரிந்திருப்பது கை கொடுக்கும்.

அரச உத்தியோகத்தில் இருப்பவருக்கு இதனால் என்ன பயன்?

“கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்” என்று சொன்ன ஊர் இது. அந்தக் கோறணமேந்தில், அதாவது அரசாங்கத்தில், பட்டத்தின் மதிப்பு வதந்தியால் தீர்மானிக்கப்படுவதில்லை, எழுத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு சேவைக்கும் சேவைப் பிரமாணக் குறிப்பு உண்டு. எந்தத் தரத்திலிருந்து எந்தத் தரத்துக்கு உயர எந்தத் தகைமை வேண்டும், அந்தத் தகைமை எந்தத் துறையைச் சார்ந்ததாக இருக்க வேண்டும் என்பவை அதில் குறிக்கப்பட்டிருக்கும். உங்கள் சேவையின் குறிப்பை அதன் திருத்தங்களோடு எடுத்து வாசியுங்கள்; தாபனக் கிளையில் இருக்கும் நண்பர் சொன்னார் என்பதை நம்பிக் கட்டணம் செலுத்த வேண்டாம். சில வேளைகளில் வியாபார நிர்வாகத்தைவிடப் பொது நிர்வாக முதுமாணியே உங்கள் சேவைக்குப் பொருத்தமாக இருக்கும்.

போட்ட பணம் எத்தனை ஆண்டில் திரும்பி வரும்?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்காக எடுத்தவை. அவற்றுக்குப் பதிலாக உங்கள் தொகைகளை இட்டுக்கொள்ளுங்கள். கட்டணம், புத்தகம், போக்குவரத்து எல்லாம் சேர்ந்து 6 இலட்சம் ரூபாய் எனவும், அதனை ஆண்டுக்கு 14 சதவீத வட்டியில் மூன்றாண்டுக் கடனாகப் பெற்றீர்கள் எனவும் கொண்டால், மாதத் தவணை ஏறக்குறைய 20,500 ரூபாய் வரும். 36 தவணைகளும் முடியும்போது 7 இலட்சத்து 38 ஆயிரம் ரூபாய் கட்டியிருப்பீர்கள். பட்டத்தின் பயனாக வரி போகக் கையில் மாதம் 8,000 ரூபாய் மட்டும் கூடுமானால், அந்தத் தொகையை மீட்க ஏழரை ஆண்டுக்கும் மேலாகும். அதே பட்டம் 25,000 ரூபாய் கூடுதலாகத் தரும் பதவிக்கு உங்களை ஏற்றுமானால் இரண்டரை ஆண்டில் கணக்கு நேராகிவிடும். கட்டணம் ஒன்றுதான், பட்டமும் ஒன்றுதான்; காத்திருக்கும் பதவிதான் வேறு. பட்டம் முடிந்த மறுநாளே பதவி உயர்வு கிடைப்பதில்லை என்பதால், காத்திருக்கும் மாதங்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மேலைநாட்டுக் கணக்குகளை அப்படியே இங்கே பொருத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. அங்கே முழுநேரமாக இரண்டு ஆண்டுகள் படிப்பவர் இழக்கும் சம்பளம், கட்டணத்துக்கு ஈடான செலவாகிறது. நம்மவர்கள் வேலையை விடாமல் சனி, ஞாயிறுகளில் படிப்பதால் சம்பளத்தை இழப்பதில்லை; நேரத்தை இழக்கிறார்கள். பட்டங்களை மட்டங்களாக வகுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு திறமைப்புள்ளி (கிரெடிட்) 50 மணித்தியாலக் கற்றலுக்குச் சமம். 60 திறமைப்புள்ளிகள் கொண்ட பட்டம் 3,000 மணித்தியாலங்களைக் கேட்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிரித்தால் கிழமைக்கு ஏறக்குறைய 29 மணித்தியாலங்கள். வார இறுதி விரிவுரைக்குப் போய் வந்தால் போதும் என்று நினைப்பவர்கள் ஆய்வுக் கட்டுரைப் பருவத்தில் திணறுவதற்குக் காரணம் இதுவே.

எந்த நிறுவனத்தின் பட்டத்தைத் தெரிவு செய்வது?

முதலில் இரண்டு விடயங்களைச் சரிபாருங்கள். இலங்கைப் பல்கலைக்கழகப் பட்டமாயின் அது தகைமைச் சட்டகத்தின் எந்த மட்டத்தில் உள்ளது என்று பாருங்கள். 30 திறமைப்புள்ளிகளோடு பாடநெறி மட்டும் கொண்ட முதுமாணி 9ஆம் மட்டத்திலும், 60 திறமைப்புள்ளிகளோடு ஆய்வையும் உள்ளடக்கிய முதுமாணி 10ஆம் மட்டத்திலும் அமைகின்றன. பின்னாளில் கலாநிதிப் பட்டத்துக்கோ விரிவுரையாளர் பதவிக்கோ செல்லும் எண்ணம் இருந்தால் இந்த வேறுபாடு பெரிய வேறுபாடாகிவிடும். வெளிநாட்டுப் பட்டத்தை உள்ளூர்த் தனியார் நிறுவனம் ஒன்றின் ஊடாகப் பெறுவதாயின், பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா என்று அந்த ஆணைக்குழுவிடமே கேளுங்கள். வகுப்பு நடத்தும் நிறுவனமும் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகமும் வேறு வேறு. விளம்பரப் பலகையில் முதலாவதின் பெயர்தான் பெரிய எழுத்தில் இருக்கும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் வழங்கும் வியாபார நிர்வாக முதுமாணியின் பெரும் வசதி, வேலையையும் வீட்டையும் விட்டு நகராமல் படிக்கலாம் என்பதே. இன்னொரு நன்மையும் உண்டு: வகுப்பில் பக்கத்தில் இருப்பவர்கள் இந்த மாகாணத்தின் வங்கியாளர்களும், நிர்வாக உத்தியோகத்தர்களும், வியாபாரிகளுமாக இருப்பார்கள். நாளை உங்கள் கடன் விண்ணப்பமோ திட்ட முன்மொழிவோ அவர்கள் மேசைக்குத்தான் போகும். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து 1986இல் தொடங்கப்பட்ட பட்டப்பின் முகாமைத்துவ நிறுவகமும், கொழும்புப் பல்கலைக்கழகமும் வழங்கும் பட்டங்களுக்கு நிறுவனங்களின் தலைமையகங்களில் அறிமுகம் அதிகம். ஆனால் கிழமைதோறும் இரவுப் பேருந்தில் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் போய்த் திரும்பும் வாழ்க்கை எல்லோருக்கும் ஏற்றதல்ல. இடமாற்றம் பெற்றுக் கொழும்பில் தங்கியிருக்கும் ஆண்டுகளில் அதைச் செய்வதே விவேகம். திறந்த பல்கலைக்கழகத்துக்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய நிலையம் இருப்பதால், தொலைக்கல்வியை விரும்புவோர் அதனையும் விசாரித்துப் பார்க்கலாம்.

இளமாணிப் பட்டம் முடிந்த கையோடு சேரலாமா?

அனுமதி கிடைத்தாலும் சேர வேண்டாம் என்பதே எனது ஆலோசனை. முகாமைத்துவப் பாடங்கள் வேலையில் பட்ட அனுபவத்தை எடுத்து ஆராய்வதற்காக அமைக்கப்பட்டவை. ஆராய அனுபவம் இல்லாதவருக்கு அவை வரைவிலக்கணங்களாகவே தங்கிவிடும். எம்.பி.ஏ. பாடநெறிகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஆம்பா என்ற சர்வதேச அமைப்பு குறைந்தது மூன்று ஆண்டுகள் வேலை அனுபவத்தைக் கேட்பதற்கும் இதுவே காரணம். வேலை கிடைக்காத காலத்தை நிரப்புவதற்காகச் சேர்ந்தவர், பின்னர் இரண்டு பட்டங்களோடும் அனுபவம் இல்லாமலும் நேர்முகத் தேர்வுக்குப் போக நேரிடும்.

பட்டயக் கணக்காளர், சீமா, ஏ.சி.சி.ஏ. போன்ற கணக்கீட்டுத் துறைத் தொழில்சார் தகைமைகளோடு ஒப்பிட்டால்?

உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் படித்து, கணக்கீட்டில் கை தேர்ந்த இருபது வயதுக்காரருக்குத் தொழில்சார் தகைமையே முந்திய தெரிவு. இதில் எனக்குத் தயக்கம் இல்லை. 1959இல் நிறுவப்பட்ட இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் தகைமைக்குத் தனியான, திட்டமான ஒரு தொழில் இருக்கிறது. கணக்காய்வு அறிக்கையில் கையொப்பமிடும் அதிகாரம் வரை அது நீள்கிறது. எம்.பி.ஏ.வுக்கு அப்படி ஒரு தனித் தொழில் கிடையாது. தொழில்சார் தகைமைகளின் பரீட்சைகள் கடினமானவை, தோல்வி சகஜம், ஆனால் பகுதி பகுதியாக முன்னேறலாம். பயிற்சிக் காலத்தில் சிறிய கொடுப்பனவும் கிடைக்கும். வங்கியில் இருப்பவர்கள் இலங்கை வங்கியாளர் நிறுவகத்தின் பரீட்சைகளை முடிக்காமல் எம்.பி.ஏ.வுக்குப் பாய்வதும் அவசரமான செயலே. எம்.பி.ஏ.யின் இடம் அதற்குப் பின்னால் வருகிறது. கணக்காளராகவோ, பொறியியலாளராகவோ, மருத்துவராகவோ பத்து ஆண்டுகள் ஒரு துறையில் வேரூன்றியவர், பிற துறையினரையும் சேர்த்து நடத்தும் பொறுப்புக்கு வரும்போது அது உண்மையாகவே பயன்படுகிறது.

குடும்ப வியாபாரத்தை நடத்துபவருக்குப் பட்டம் தேவையா?

பட்டம் தேவையில்லை, அதற்குள் இருக்கும் மூன்று நான்கு பாடங்கள் தேவை. சுன்னாகத்தில் ஒரு ஹாட்வெயார் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடையில் 80 இலட்சம் ரூபாய்க்குச் சரக்கு இருக்கிறது. ஆண்டில் விற்ற சரக்கின் கொள்விலை 240 இலட்சம். அதாவது சரக்கு ஆண்டுக்கு மூன்று முறை புரள்கிறது, சராசரியாக நான்கு மாதங்கள் தட்டில் கிடக்கிறது. முதலாளிக்கு இது பரவாயில்லை என்று தோன்றும். அதே சரக்கைப் பிரித்துப் பார்த்தால், சீமெந்தும் கம்பியும் சில கிழமைகளில் ஓடிவிட, குளியலறைப் பொருத்துகளும் அலங்கார ஓடுகளும் 20 இலட்சத்துக்கு அடுக்கப்பட்டு ஆண்டுக்கு 10 இலட்சத்துக்கே விற்கின்றன என்பது தெரியவரும். இரண்டு ஆண்டுச் சரக்கு தூசி படிந்து கிடக்கிறது. வங்கி மேலதிகப் பற்றுக்கு 14 சதவீத வட்டி என்றால், அந்த அடுக்கு மட்டும் ஆண்டுக்கு 2 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாயை விழுங்குகிறது. லாபம் இருக்கிறது, கையில் காசு இல்லை என்று பல கடைக்காரர்கள் சொல்லும் குறைக்கு விடை பெரும்பாலும் இங்கேயும், கடன் கொப்பியின் பழைய பக்கங்களிலும்தான் இருக்கும்.

இந்தக் கணக்கைப் போட இரண்டு ஆண்டுகள் தேவையில்லை. நிதி முகாமைத்துவம், செலவுக் கணக்கீடு, சந்தைப்படுத்தல் ஆகியவற்றில் குறுகிய சான்றிதழ் நெறிகளே போதும். ஆனால் அடுத்த தலைமுறையினர் தந்தையின் கடையை ஒரு கம்பனியாக மாற்றவோ, வெளியாரிடமிருந்து முதலீடு பெறவோ எண்ணினால் முழுப் பாடநெறியையும் படிப்பதில் பொருள் உண்டு. அங்கே கற்கும் மிகப் பயனுள்ள பாடம், சித்தப்பாவும் மச்சானும் பங்காளிகளாக இருக்கும் இடத்தில் சம்பளத்தையும் லாபப் பங்கையும் பிரித்து எழுதிவைக்கும் ஒழுங்காகவும் இருக்கக்கூடும்.

தமிழ்மொழி மூலம் படித்தவருக்கு ஆங்கிலம் தடையாகுமா?

தொடக்கத்தில் தடையாகும். விரிவுரையைப் புரிந்துகொள்வதில் பெரிய சிக்கல் இராது. 20 பக்க நிகழ்வாய்வு (கேஸ் ஸ்ரடி) ஒன்றை இரவில் வாசித்துக் காலையில் அதைப் பற்றி வாதிடுவதில்தான் சிக்கல். சேர்வதற்கு முன் ஆறு மாதங்கள் கம்பனிகளின் ஆண்டறிக்கைகளை ஆங்கிலத்தில் வாசித்துப் பழகுவது, இலக்கண வகுப்பைவிட அதிக பலன் தரும். அவை கொழும்புப் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

திருமணப் பேச்சில் இந்தப் பட்டத்துக்கு மதிப்புண்டா?

உண்டு, மணமக்கள் தேவை விளம்பரங்களை வாசித்தால் புரியும். இந்த வருமானத்தை மேலே போட்ட கணக்கில் சேர்க்க முடியாது.

லண்டனிலோ கனடாவிலோ போய்ப் படிப்பது இலாபமா?

படிப்புக்காகப் போகிறீர்களா, குடியேறுவதற்காகப் போகிறீர்களா என்பதை முதலில் உங்களுக்குள் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் விடை வேறு. பிரித்தானியாவில் முழுநேர எம்.பி.ஏ. பெரும்பாலும் ஓராண்டில் முடிந்துவிடுவதால், அமெரிக்காவின் இரண்டாண்டு முறையைவிடச் செலவு குறைவு. ஆனால் 2024 ஜனவரி முதல், பாடநெறி முதுமாணி படிக்கத் தொடங்குவோர் தம் வாழ்க்கைத்துணையையும் பிள்ளைகளையும் தங்கி வாழ்வோராகப் பொதுவாக அழைத்துச்செல்ல முடியாது. படிப்பு முடிந்தபின் தங்கி வேலை தேடுவதற்கான இரண்டாண்டுக் காலமும், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு 18 மாதங்களாகக் குறைகிறது. கனடா 2024 பெப்ரவரியில் எதிர்த் திசையில் ஒரு மாற்றம் செய்தது: இரண்டு ஆண்டுகளுக்குக் குறைந்த முதுமாணி படித்தவர்களும் ஏனைய நிபந்தனைகளுக்கு உட்பட்டு மூன்றாண்டு வேலை அனுமதி பெறலாம். இவ்விதிகள் அடிக்கடி மாறுபவை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் போன ஒன்றுவிட்ட அண்ணனின் அனுபவம் இன்றைக்குப் பொருந்தாது.

நாணய ஆபத்தும் சிறிதல்ல. 2022இன் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாயளவுக்கு ஏறியபோது, 20,000 டொலர் கட்டணம் 40 இலட்சத்திலிருந்து 72 இலட்சமாயிற்று. காணியை ஈடு வைத்துப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர், கட்டணம் முழுவதையும் முன்கூட்டியே செலுத்த முடியுமா என்று கேட்டுவைப்பது நல்லது. வெளிநாட்டு உறவினர் உதவுவதாகச் சொன்னால், அது கடனா கொடையா என்பதைப் புறப்படுமுன் பேசி முடிப்பது உறவுக்கும் நல்லது.

பெண்களுக்கு இப்பட்டத்தின் பலன் வேறுபடுமா?

வேறுபடுகிறது என்று காட்டும் ஓர் உறுதியான ஆய்வு உண்டு. 2023இல் நோபல் பரிசு பெற்ற கிளோடியா கோல்டின் வேறு இருவருடன் சேர்ந்து, சிக்காகோ பல்கலைக்கழகத்தில் 1990 முதல் 2006 வரை எம்.பி.ஏ. முடித்தவர்களின் சம்பளங்களைப் பின்தொடர்ந்து பார்த்து 2010இல் வெளியிட்டார். தொடக்கத்தில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே சம்பளம் பெற்றனர்; பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பெரும் இடைவெளி விழுந்தது. அதன் முக்கிய காரணங்களில் வேலையிலிருந்து விலகியிருந்த காலமும், குறைந்த வேலை நேரமும் அடங்கும். இவ்விரண்டும் பெரும்பாலும் பிள்ளை வளர்ப்போடு தொடர்புபட்டவை.

பட்டத்தால் சமமாகத் தொடங்கியவர்களை வீட்டுப் பொறுப்பு பிரித்தது என்பதே இதன் சாரம். இங்கே சனி, ஞாயிறு விரிவுரைக்கு வரும் பெண் உத்தியோகத்தர் பலர் அதிகாலையில் சமைத்து வைத்துவிட்டு வருகிறார்கள். பிராந்திய முகாமையாளர் பதவி வவுனியாவுக்கோ கொழும்புக்கோ இடமாற்றத்தோடு வரும்போது, மறுக்கும்படி வீட்டில் கேட்கப்படுவதும் அவர்களே. ஆகவே கட்டணத்தைப் பற்றிக் கணவரோடு பேசும் அதே நாளில் இடமாற்றத்தைப் பற்றியும் பேசிவிடுவது, பட்டத்தின் பெறுமதியைத் தீர்மானிக்கும் பேச்சாக அமையும்.

இடையில் நிறுத்த நேர்ந்தால் எல்லாம் வீணாகிவிடுமா?

எல்லாம் வீணாகாது. தகைமைச் சட்டகத்தில் பட்டப்பின் சான்றிதழ் 7ஆம் மட்டத்திலும் பட்டப்பின் டிப்ளோமா 8ஆம் மட்டத்திலும் இருப்பதால், பல பாடநெறிகள் குறிப்பிட்ட திறமைப்புள்ளிகளை முடித்தவருக்கு அந்தத் தகைமைகளோடு வெளியேற இடமளிக்கின்றன. நீங்கள் சேரும் நெறியில் அந்த வழி உண்டா, பின்னர் திரும்பி வந்து ஆய்வுக் கட்டுரையை முடிக்க எத்தனை ஆண்டுகள் வரை அனுமதி உண்டு, செலுத்திய கட்டணத்தில் எவ்வளவு மீளக் கிடைக்கும் என்ற மூன்றையும் பதிவுக்கு முன் எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்ன எழுதுவினைஞர் அடுத்த ஆண்டு வேறு கிளையில் இருப்பார்.